ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவு

எண்பதுகளின் நடுவில், தருமபுரியில் நான் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் துறையில் ஒரு விவாதப் போட்டி வைத்தார்கள். ஓடுபாதை தேவைப்படாமல் நின்ற இடத்திலேயே நேராக இறங்கும் போர் விமானங்கள் நம் கடற்படைக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. வாங்கியது இருக்கட்டும், அவற்றைத் தொடர்ந்து ஓட்டுவது நம் நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் தலைப்பு. கட்டுப்படியாகும் என்று ஒருத்தி, ஆகாது என்று ஒருத்தி பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 'ஆகாது' விழுந்தது.

சீட்டைப் பிரித்ததுமே அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தான். என் அண்ணன் அந்த விமானங்களில்தான் மெக்கானிக்காக வேலை பார்த்தான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கடற்படையில் சேர்ந்தவன், அப்போது கோவாவில் இருந்தான். அவனுக்குச் சோறு போடும் வேலையை வீண்செலவு என்று மேடையேறிச் சொல்ல வேண்டும். அவனிடம் சொன்னால் சிரிப்பான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மற்றபடி அன்றைக்கு என் பயம் எல்லாம் மேடையைப் பற்றியதுதான்.

எதிரணியில் பேச வந்தவள் என் வகுப்புத் தோழி. தருமபுரியில் அவளுடைய அப்பா, அவள் பேச்சில் அத்தா, லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். வீட்டில் அவளைக் கல்லூரிக்கு அனுப்பியதே பெரிய விஷயம் என்பாள். ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் விடமாட்டாள். நாங்கள் இருவரும் ஒரே நூலகத்தில், ஒரே மேஜையில், ஒரே பத்திரிகைகளை மாற்றி மாற்றிப் படித்துத் தயாரானோம். விமானத்தின் விலை பற்றி நாளிதழ்களில் வந்திருந்தது. எரிபொருள் எவ்வளவு குடிக்கும், எஞ்சினை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஆங்கில வார இதழ்களில் படம் போட்டு வந்திருந்தது. எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அதை வைத்து ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. நான் ஒரு நாள் மதியம், போட்டியை நடத்திய எங்கள் விரிவுரையாளர் இருக்கும்போதே, காலி வகுப்பறைக் கரும்பலகையில் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எரிபொருள், எஞ்சின் பழுது, உதிரிபாகம், ஆள் சம்பளம், பயிற்சி எல்லாவற்றையும் கூட்டி, ஒரு வருடத்தில் பறக்கும் மணி நேரத்தால் வகுத்தேன். விடை வந்ததும் அவர் எழுந்து வந்து, "பிரமாதம்மா! இதை அப்படியே மேடையில சொல்லு. எண்ணு ஒண்ணு இருந்தா சபை வாயைத் தொறக்காது" என்றார். நான் விடையை மனப்பாடம் செய்துகொண்டு பலகையை அழித்தேன்.

அந்த எண்ணை இங்கே எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

போட்டி அன்று அரங்கம் நிறைந்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் முன் வரிசையில் இருந்தார்கள். தலைமை தாங்கிய அதே விரிவுரையாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "இந்த மாணவியின் அண்ணன் அதே விமானங்களில் பணியாற்றும் கடற்படை வீரர். ஆகவே இவர் சொல்லப்போகும் கணக்கை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது." கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பேசினேன். நேராக இறங்குவது என்றால் விமானத்தின் முழு எடையையும் எஞ்சினே தாங்க வேண்டும், அதனால் எஞ்சின் சீக்கிரம் தேயும், தேய்ந்த பாகம் கடல் கடந்து வர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக வாசித்து, கடைசியில் அந்த எண்ணைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

அடுத்து என் தோழி எழுந்தாள். "நீளமான ஓடுபாதை வேண்டாம், பெரிய கப்பல் வேண்டாம். அதனால் மிச்சமாகும் செலவை என் தோழி கழிக்கவே இல்லையே" என்று ஆரம்பித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னொன்று. எஞ்சின் பழுதைத் தனியாக ஒரு முறை சேர்த்தீர்கள். வருடாந்திர உதிரிபாகச் செலவிலும் எஞ்சின் அடங்கியிருக்கிறது. ஒரே எஞ்சினுக்கு இரண்டு தடவை செலவு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கடையில் அப்படி எழுதினால் லாரிக்காரர் சும்மா விடமாட்டார்." சபை சிரித்தது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அது வேறு, இது வேறு" என்று அழுத்திச் சொன்னேன். உள்ளுக்குள் சந்தேகம் வந்தது என்றாலும் மேடையில் இறங்கிப்போக மனம் வரவில்லை. நடுவர்கள் எனக்கே பரிசு கொடுத்தார்கள். எவர்சில்வர் குடம்.

இறங்கும்போது பின் வரிசையிலிருந்து ஒருவர் வந்து, "இந்தத் தொகை எந்தப் புத்தகத்துல இருக்குது?" என்று கேட்டார். "புத்தகத்தில் இல்லைங்க, நானே போட்டது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். யாரென்று நான் கேட்கவில்லை.

இரண்டொரு நாளில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. கல்லூரி மாணவி பேச்சு என்று தலைப்பு. கடற்படை வீரரின் தங்கை, போர் விமானம் ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவைத் தெரிவித்தார் என்று எழுதி அந்த எண்ணையும் போட்டிருந்தார்கள். நானே கணக்குப் போட்டேன் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. 'தெரிவித்தார்' என்றுதான் இருந்தது.

பொம்மிடியில் எங்கள் வீடு ரயில் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, மரவள்ளிக் காட்டை ஒட்டி இருந்தது. அப்பா அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். போனபோது இருந்த முகம் வரும்போது இல்லை.

"என்னாச்சுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாரும் நல்லாத்தான் சொன்னாங்க. ரயில்வேல இருந்து ரிடையர் ஆனாரே, அவர் மட்டும் ஒண்ணு கேட்டாரு. மிலிட்டரி சமாச்சாரத்த வெளிய சொன்னா பையன் வேலைக்கு ஆவாதேங்க, ஜெயில்லகூடப் போட்ருவாங்களேங்கன்னாரு."

"இவ கணக்குப் போட்டுத்தான சொன்னா?"

"நமக்குத் தெரியுது. பேப்பர்ல அப்பிடிப் போடலியே."

அப்பா திண்ணமான ஆள். சந்தையில் யாரோடும் குரல் உயர்த்திப் பேசுவார். அன்றைக்கு அவர் பேப்பரைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் முறையாக உண்மையான பயம் வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போது ஜீப் சத்தம் என்றாலே நடுக்கம். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் தீவிரவாதிகளைத் தேடுவதாகச் சொல்லி ஊர் ஊராகப் போலீஸ் வந்துகொண்டிருந்தது. படித்த பையன்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். போய்வந்தவர்கள் என்ன நடந்தது என்று சொல்லமாட்டார்கள். யாராவது சட்டையை இன் செய்துகொண்டு புதிதாகத் தெருவில் வந்தால், "சி.ஐ.டி.யாட்டம் இருக்குது" என்று கதவைச் சாத்துவார்கள். தேடல் ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அடுத்த வாரம் கல்லூரியில் விரிவுரையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அறைக்குள் போனதும் எழுந்து போய் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஒருத்தர் வந்து விசாரிச்சுட்டுப் போனாரும்மா. அந்த எண்ணு எங்கிருந்து வந்ததுன்னு."

"பலகையில போட்டோமே சார், நீங்களும் பார்த்தீங்களே. அதைச் சொல்லிட்டீங்களா சார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "நான் அப்ப ரூம்ல இருந்தனா இல்லியான்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா. எனக்கும் ரெண்டு கொழந்தைங்க இருக்குது. நீயே போட்டதா சொல்லிட்டேன். அது உண்மைதான?"

உண்மைதான். நானே போட்டதுதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில், நான் எங்கிருந்தோ கொண்டுவந்ததுபோல இருந்தது. பஸ்ஸில் பொம்மிடி வரும்வரை கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது விரல்கள் நிமிரவில்லை.

வீட்டில் சொன்னதும் அம்மா எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த அண்ணனின் சீருடைப் போட்டோவைக் கழற்றி முந்தானையில் துடைத்து, அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள். "அவன மறைச்சா எல்லாம் மறைஞ்சிருமா?" என்று அப்பா கேட்டார். "கண்ணுல படாம இருக்கட்டுங்க" என்றாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபோது, அண்ணன் இல்லாமலே போய்விட்டதுபோல எனக்கு இருந்தது.

இதெல்லாம் தெரியாமல் அந்த வார இறுதியில் அண்ணன் லீவில் வந்து இறங்கினான். முன்பே எழுதிப்போட்டிருந்த லீவுதான். ஸ்டேஷனிலிருந்து பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி வந்தான். அம்மாவுக்கு முந்திரிப்பருப்பு, எனக்கு ஒரு பாசிமணி மாலை. செம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதே, "பாப்பா, பரிசு வாங்குனியாமே? அப்பா லெட்டர்ல எழுதியிருந்தாரு. என்ன தலைப்பு?" என்று கேட்டான்.

அப்பா பேப்பரை எடுத்து நீட்டினார். அண்ணன் நின்றபடியே படித்தான். படித்து முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை. செம்பை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கையிலேயே வைத்திருந்தான்.

"யாரு சொன்னா ஒனக்கு இது?"

"யாரும் சொல்லலைண்ணா. நானே போட்டன்."

"நீயே எப்பிடிப் போடுவ?"

"பத்திரிகையில எல்லாம் வந்திருந்ததுண்ணா. எரிபொருள் இவ்வளவு, எஞ்சினுக்கு..."

"சொல்லாத!" என்று கத்தினான். கத்திய வேகத்தில் தண்ணீர் சிந்தியது. "எங்கிட்ட எதுவும் சொல்லாத. நான் கேக்கக் கூடாது."

"சரியா தப்பான்னு மட்டும் சொல்லுப்பா" என்றார் அப்பா. "தப்புன்னா பிரச்சினையே இல்லியே. தப்பான கணக்குன்னு சொல்லிட்டுப் போயிரலாம்."

அண்ணன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "தப்புன்னு நான் சொன்னா, சரி எதுன்னு எனக்குத் தெரியும்னு ஆயிருமேங்கப்பா. எவ்வளவு தப்புன்னு கேப்பாங்க. சரின்னாலும் மாட்டுவன், தப்புன்னாலும் மாட்டுவன். நான் மெக்கானிக்குங்க. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் முழுசாத் தெரியவும் தெரியாது. ஆனா அத யாரு நம்புவாங்க?"

அம்மா அழ ஆரம்பித்தாள். அண்ணன் போய் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தான். அம்மா தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்தபடியே இருந்தது.

சாயங்காலம் நான் பக்கத்தில் போய் நின்றேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில், "போன லீவுல ஒகேனக்கல் போனமே, அங்க நான் ஏதாவது ஒளறுனனா?" என்று கேட்டான்.

நான் யோசித்தேன். அருவிக்கரையில் மீன் வறுவல் வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். தண்ணீர் விழும் சத்தத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டபோது, "எங்க விமானம் எறங்கறப்ப நின்னு பாருங்க, இதெல்லாம் ஒரு சத்தமா" என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. அனல் அடிக்கும், கீழே நிற்கிறவன் முகம் காய்ந்துபோகும் என்றான். அதற்குப் பிறகு? எஞ்சினைப் பற்றி ஏதாவது சொன்னானா? எத்தனை நாளுக்கு ஒருமுறை கழற்றுவார்கள் என்று சொன்னானா? பத்திரிகையில் படித்ததாக நான் நினைத்துக்கொண்டிருப்பது பத்திரிகையில்தான் படித்ததா, பரிசலில் போகும்போது காதில் விழுந்ததா?

"நீ சத்தத்தைப் பத்தி மட்டுந்தான் சொன்னண்ணா" என்றேன். ஆனால் சொல்லும்போதே எனக்கு நிச்சயமில்லை. அவனுக்கும் இல்லை. ஒன்றும் செய்யாத இரண்டு பேர், என்ன செய்தோம் என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நாட்களில் என்னை மிகவும் ஆட்டிவைத்தது அதுதான். போலீஸைவிட என் ஞாபகத்தை நினைத்துத்தான் பயந்தேன்.

பலகையில் போட்ட கணக்கை மறுபடி மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அன்றைய விடை வரவில்லை. மறுபடி போட்டேன். அப்போதும் வரவில்லை. அன்று சொன்ன எண்ணைவிடக் குறைவாகவே வந்தது. எங்கே விடுபட்டது என்று தெரியவில்லை. நானே போட்ட கணக்கை என்னாலேயே போட முடியவில்லை என்றால், அது நான் போட்டதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு அதிகாரி வீட்டுக்கு வருவார், எல்லோரும் இருக்க வேண்டும் என்று வாரத்தின் நடுவில் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பாவிடம் மரியாதையாகத்தான் சொன்னார். இருந்தாலும் அவர் சைக்கிள் திரும்பும் வரைக்கும் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் கல்லூரியில் என் தோழியிடம் மட்டும் சொன்னேன்.

"நானும் அதே பத்திரிகைதான படிச்சேன். நான் வந்து சொல்றேன்."

"வேணாண்டி. ஒங்க வூட்ல என்ன சொல்வாங்க? போலீஸ் சமாச்சாரம்."

"அத்தா திட்டுவாரு. கேட்டுப் பாக்கறேன்" என்றாள். அவள் குரலும் நன்றாக இல்லை. வரமாட்டாள் என்றே நினைத்தேன். வராமல் போனால் தப்பும் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை அண்ணன் குளித்து, சலவைச் சட்டை போட்டு, தன் அடையாள அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்து மணி வாக்கில் ஜீப் சத்தம் கேட்டது. காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டேன்.

வந்தவர் நடுத்தர வயதுக்காரர். சீருடை இல்லை. அன்று கல்லூரியில் பின் வரிசையிலிருந்து வந்து கேட்டவர் அவர் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். அம்மா கொடுத்த மோரை வாங்கிக் கீழே வைத்தார். அண்ணனிடம் பெயர், பதவி, லீவு தேதி எல்லாம் கேட்டார். அண்ணன் எழுந்து நின்று பதில் சொன்னான். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கணக்க ஒனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"நானே போட்டதுங்க சார்."

"அப்ப இப்பப் போட்டுக் காட்டு."

அப்பா மரவள்ளி லோடு எடை எழுத வைத்திருந்த சாக்கட்டியை எடுத்துக் கொடுத்தார். நான் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு எழுத ஆரம்பித்தேன். எரிபொருள் எழுதினேன். சம்பளம் எழுதினேன். உதிரிபாகம் எழுதினேன். பூஜ்யங்கள் கோணலாக வந்தன. கூட்டி, வகுத்தேன். மறுபடியும் அதே குறைந்த விடைதான். பேப்பரில் இருந்த எண் வரவில்லை.

அவர் மடியில் இருந்த பேப்பரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது வேற தொகையா இருக்குதே" என்றார்.

அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அப்போதுதான் வாசலில், "சலாமுங்க, உள்ள வரலாங்களா?" என்று குரல் கேட்டது. என் தோழியும் அவளுடைய அத்தாவும் நின்றிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்து அவர் திரும்பிப் போக நினைத்திருப்பார் என்று அவர் நின்ற தோரணையில் தெரிந்தது. குல்லாவைக் கழற்றுவதும் வைப்பதுமாக இருந்தார்.

"வாங்க பாய், வாங்க" என்று அப்பா எழுந்து ஓடினார்.

"எம் பொண்ணும் அன்னைக்கு மேடையில பேசுனவதாங்க சார்" என்று அவர் அதிகாரியிடம் சொன்னார். "எதோ சொல்லணுங்குது. வேணாம்னு சொன்னேன், கேக்கல. தப்பா இருந்தா மன்னிச்சிருங்க." வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு வந்தன.

அவள் தரையைப் பார்த்தாள். நான் எழுதியிருந்ததை மேலிருந்து கீழாகப் படித்தாள். அதிகாரி இருப்பதையே மறந்தவள்போல, "எஞ்சின் பழுது எங்கடி?" என்று கேட்டாள்.

"உதிரிபாகத்துக்குள்ள அடங்கிருச்சு."

"அன்னைக்கு அப்பிடியா சொன்ன? நான் அதத்தான மேடையில சொன்னேன். அது வேற இது வேறன்னு ஒத்த கால்ல நின்ன. எஞ்சினுக்குத் தனியா ஒரு தடவ எழுதுன, உதிரிபாகத்துலயும் முழுசா எழுதுன."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மேடையில் சொன்னது என் மனதில் எங்கேயோ தங்கி, மறுபடி போடும்போதெல்லாம் அந்தத் தப்பைத் தானாகவே திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. சாக்கட்டியை எடுத்து எஞ்சின் பழுதைத் தனியாக எழுதிச் சேர்த்தேன். கூட்டினேன். வகுத்தேன். பேப்பரில் இருந்த எண் அப்படியே வந்தது.

"பாத்தியா, ரெண்டு தடவ" என்றாள் அவள்.

"அப்பிடிச் சேக்கறதும் ஒரு முறைதான்டி. நேரா எறங்கறப்ப எஞ்சின் கூடத் தேயுமில்ல, அதுக்கு."

"தேஞ்சா வருஷத்துக்கு எத்தன எஞ்சின்னு கணக்க மாத்து. ஒரே எஞ்சினுக்கு ரெண்டு விலையா? அப்பறம் நீ பறக்கற நேரத்தையும் கொறைச்சுப் போட்டிருக்க. கொறைச்சுப் பறந்தா மணிக்கு ஆவற செலவு ஏறத்தான செய்யும்? அது விமானத்தோட குத்தமா?"

"நீ மட்டும் கப்பல் செலவைக் கழிக்கச் சொன்னியே, அது எந்த நியாயம்?"

"ஏம்மா" என்றார் அதிகாரி.

நாங்கள் இருவரும் நிறுத்தினோம். எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் நினைவு வந்தது. அவள் தன் அத்தாவின் பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

அதிகாரி குனிந்து தரையில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். எந்தப் பத்திரிகை, எந்த மாதம் என்று கேட்டார். நான் சொல்லத் தடுமாறியதை அவள் சொன்னாள். அவள் மறந்ததை நான் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பேனாவை மூடினார்.

"உள்ளயிருந்து வந்த தொகைன்னா இந்தத் தப்போட வந்திருக்காது" என்றார் பொதுவாக. பிறகு அண்ணனைப் பார்த்து, "நான் எழுதறத எழுதிருவேன் தம்பி. ஒங்க ஆபீஸ்லயும் கூப்புட்டுக் கேப்பாங்க. நடந்ததச் சொல்லுங்க" என்றார். மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

ஜீப் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. அப்பா தோழியின் அத்தாவுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன பேசறதுன்னே தெரியலீங்க பாய்." அவர், "எனக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு. கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லுங்க" என்றார். அம்மா என் தோழியை இழுத்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். அண்ணன் மட்டும் ஈரத்துணியை எடுத்துவந்து தரையில் இருந்த கணக்கைத் துடைத்தான். ஒரு கோடுகூடத் தெரியாதபடி, மறுபடி மறுபடி துடைத்தான்.

லீவு முடியும் முன்பே கிளம்பிப் போனான். பிளாட்பாரத்தில், வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். "கேட்டு முடிச்சதும் ஒரு கார்டு போடு சாமி" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். வாரங்கள் போயின. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா காட்டில் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். யாராவது மோட்டார் சைக்கிளில் வந்தால் அம்மா உள்ளே போய்விடுவாள். கல்லூரியில் விரிவுரையாளர் பாடம் நடத்தும்போது என் வரிசைப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்.

கடைசியில் கார்டு வந்தது. சுகமாக இருக்கிறேன், பழைய வேலையிலேயே இருக்கிறேன் என்று இரண்டே வரி. அம்மா அன்றைக்கே போட்டோவை எடுத்து மாட்டினாள்.

என்ன கேட்டார்கள் என்பதை அடுத்த வருட லீவில்தான் சொன்னான். ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து விசாரித்தார்களாம். கடைசியில் ஒரு அதிகாரி, "உன் தங்கை கணக்கில் கொஞ்சம் மட்டமோ?" என்று கேட்டாராம். "ஆமாம் சார்" என்றானாம். இதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. விசாரணை முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு எத்தனையோ லீவுகளில் வந்தான். மழையைப் பற்றிப் பேசுவான், மரவள்ளி விலையைப் பற்றிப் பேசுவான், கோவாவில் கிடைக்கும் மீனைப் பற்றிப் பேசுவான். விமானம் என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. சொந்தக்காரப் பிள்ளைகள் யாராவது, "மாமா, அது எப்பிடி நேரா எறங்குது?" என்று கேட்டால், கேட்காதவன்போல எழுந்து வெளியே போய்விடுவான். நான் பின்னாலேயே போய் நிற்பேன். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருவோம்.